பழைய வழியில் போகாதே



இனிக் குடிப்பதில்லை என்று பீடத்தின்முன் முழந்தாளிட்டு வார்த்தைப்பாடு கொடுத்தவன், மூன்று மாதம் சென்று ஒரு சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வீடு வந்து சேருகிறான். மனைவி அழுகிறாள், அயலார் நகைக்கிறார்கள். அவனுடைய மனஸ்தாபமெல்லாம் வெறும் வேஷம் என்று நாமும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சொல்லுமுன் சற்று நிதானிப்போமாக.

ரஷ்ய தேசத்துச் சாஸ்திரியான பாவ்லோவ், நாய்க்குத் தீனி வைக்கும்போதெல்லாம் ஓர் ஓசையையும் கேட்கச் செய்தார். சில காலத்தில் தீனி இல்லாமலே, ஓசை கேட்டமாத்திரத்தில் அதன் வாயில் உமிழ்நீர் ஊறிற்று. குடித்துப் பழகினவனுக்கும் இப்படியே. கடையின் விளக்கு, தம்ளரின் சத்தம், சம்பள நாள், கூடிக் குடித்த சிநேகிதனின் முகம், இவையெல்லாம் அவனுக்கு அந்த ஓசையாகும்.

மூளையின் ஆழத்திலே, இன்பத்தை நாடும்படி மனிதனைத் தூண்டும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. டோப்பமின் என்னும் இரசாயனம் அதில் வேலை செய்கிறது. மது நாவில் படுமுன்னே, அதன் அடையாளத்தைக் கண்டவுடன் இந்தப் பாதை விழித்துக்கொள்ளும். அமிக்டலா என்னும் சிறு பகுதி அடையாளத்தையும் பழைய இன்பத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. வேண்டாம் என்று தடுக்கவேண்டிய முன்மூளையோ நெடுநாட் குடியினால் வலுவிழந்திருக்கிறது. கவலையும் களைப்பும் அதை இன்னும் தளர்த்தும். மாதக்கணக்காய் விலகியிருந்தாலும் அந்த முடிச்சு முற்றும் அவிழ்வதில்லை. பழைய இடத்துக்குப் போனால் பழைய ஆசை தலைதூக்கும்.

அப்படியானால் அவனுக்குப் பொறுப்பில்லையோ? உண்டு. ஆனால் கடைவாசலில் நின்றபின் அவன் பலம் கொஞ்சமே. வீட்டைவிட்டுப் புறப்படும்போது, எந்தத் தெருவழியாய்ப் போவது என்று தீர்மானிக்கிற வேளையில் அவன் பலம் அதிகம். பாவ சமயங்களை விலக்கு என்று பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் சொல்லும் புத்தி இதுவே அன்றோ?

அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் 1856-ம் ஆண்டு பிறந்த மாட் டால்பட் என்னும் ஏழைத் தொழிலாளி, சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884-ல், தம் 28-ம் வயதில், மூன்று மாதத்துக்குக் குடிப்பதில்லை என்று வார்த்தைப்பாடு கொடுத்தார். ஒருநாள் ஆசை மேலிட்டு, கையில் சில்லறையோடு மதுக்கடைக்குள் நுழைந்தும்விட்டார். கடைக்காரன் வேலை மும்முரத்தில் அவரைக் கவனிக்கவில்லை. அவர் வெளியேறிக் கோவிலுக்குப் போய், கதவு சாத்தும்வரை அங்கேயே தங்கினார். அன்றுமுதல் கையில் பணம் கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்தார். 1925-ல் மரிக்கும்வரை, 40 வருஷங்களாக அவர் குடியைத் தொடவில்லை. 1975-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். மூளைச் சாஸ்திரம் அவர் அறியாதது. தம் பலவீனத்தை அறிந்திருந்தார்.

குடியை விட்ட சகோதரனே, நீயும் உன் பாதையை மாற்று. சம்பளத்தை அன்றே மனைவி கையில் கொடு. கடைக்குப் போன வேளைக்கு வேறு வேலை தேடு. வைத்தியரிடம் போக வெட்கப்படாதே. ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் உண்டு. நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவன் வைத்தியர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம்.

வீட்டாரே, வீட்டில் போத்தல் வைக்காதீர்கள். கலியாணத்திலும் திருநாளிலும் அவனை ஒரு வாய் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விழுந்துவிட்டால் ஏசாமல், எந்த வழியாய்ப் போனான், யாரைக் கண்டான் என்று அன்பாய் விசாரியுங்கள். அடுத்த நாள் அந்த வழியை அடைக்க அது உதவும்.

சோதனையில் விழாதபடி காக்கவேண்டும் என்று பரலோக மந்திரத்தில் தினமும் மன்றாடுகிறோம். மன்றாடி எழுந்தபின், நம் கால்களே சோதனையின் வாசலுக்கு நடக்கலாமா? சர்வேசுரன் நமக்குத் திடன் தருவாராக.