திண்ணையில் கவிழ்ந்திருந்த தட்டு

அந்தத் தட்டை யாராவது உள்ளே எடுத்து வைத்திருந்தால் எனக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று அரியூர் நாடு. ஐப்பசி மழையில் அங்கே ஒரு நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. இருட்டுகிற நேரம், கரண்ட் இல்லை. சாலை வேலைக்கு வந்திருந்த வடக்கத்திப் பையன் ஒருவன் மழைக்கு ஒதுங்கித் திண்ணையோரம் நின்றான். நண்பரின் அம்மா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார். தமிழில் அந்த ஒரு சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. அவன் கேட்காமலே மறுபடியும் போட்டார். விரிக்கச் சாக்கு, போர்த்தக் கம்பளி. நான் உள்ளே சாப்பிட்டேன், அவன் திண்ணையில். கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரில் தட்டைக் கழுவித் திண்ணை விளிம்பில் கவிழ்த்து வைத்தான். விடியும் முன்பே போய்விட்டான்.

காலையில் தட்டு அங்கேயே இருந்தது. அம்மா வாசல் பெருக்கினார். தட்டைத் தொடாமல் அதைச் சுற்றிப் பெருக்கினார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அது அங்கேயேதான் கிடந்தது.

அவ்வளவுதான் நடந்தது. இதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். மறந்திருப்பார்கள், வேலை இருந்திருக்கும், மலையில் வெயில் வந்ததும் காயட்டும் என்று விட்டிருப்பார்கள். எல்லாம் நியாயம்தான். நான் சாப்பிட்ட தட்டு மட்டும் இரவே அடுப்படிக்குள் போய்விட்டதே என்பதுதான் உறுத்துகிறது.

முதல் நாள் நான் போய் இறங்கியபோது தண்ணீர்ச் செம்பு கைக்கு வருவதற்குள் என் பூர்வீகமே விசாரிக்கப்பட்டுவிட்டது. எந்த ஊர் கண்ணு, யாரு மகன், அம்மா வழி எந்தப் பக்கம், கட்டிக்கிட்டது எங்கே. சேந்தமங்கலத்துக்காரன் என்றதும் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. என்னை எங்கேயோ ஓரிடத்தில் பொருத்திவிட்டார். பையனிடம் இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை, பெயரைக்கூட. அவனிடம் கேட்டது சாப்பிட்டாயா என்பது ஒன்றைத்தான். எங்கள் இருவரில் யாருக்குக் கிடைத்தது பெரிய மரியாதை என்று யோசித்துப் பார்த்தால் குழம்புகிறது.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், நள்ளி என்ற இன்னொரு வள்ளலையும் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 150ஆவது பாட்டு. காட்டில் களைத்துக் கிடந்த புலவர் கூட்டத்துக்கு வேட்டைக்காரன் ஒருவன் இறைச்சி சுட்டுத் தந்து, நகையையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு, என்ன பெயர் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. வழியில் மற்றவர்கள் சொல்லித்தான் அவன் நள்ளி என்று தெரிகிறது. வாங்குபவனை விசாரிக்காமலும் தன் பெயரைச் சொல்லாமலும் கொடுப்பவன் பிரிவதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது. அப்படிப் பார்த்தால் அம்மா செய்தது நள்ளி செய்தது. ஆனால் நள்ளியின் கதையில் கழுவிய தட்டு வருவதில்லை.

தட்டு என்றால் எனக்கு ஆயா ஞாபகம்தான். அப்பாவைப் பெற்றவள். "வந்தவனுக்கு மொதல்ல தண்ணி குடு, அப்பறம் சேதி கேளு" என்பது அவள் சட்டம். அவள் வாசலிலிருந்து பசியோடு போனவர்கள் கிடையாது என்று ஊரே சொல்லும், பொய்யில்லை. கட்டுத்தரைச் சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. அதில் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று கவிழ்ந்திருக்கும். களைவெட்ட வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே மாடக்குழியில் வைப்பார்கள். இரட்டைக் குவளை என்று பிற்பாடு பத்திரிகையில் படித்தபோது அது ஏதோ டீக்கடை விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆயா அந்த டம்ளரில் ஊற்றிய மோர் வீட்டுக்குள் எங்களுக்கு ஊற்றியதைவிடக் கெட்டியாக இருக்கும். இதைச் சொல்வது அவளுக்கு வக்காலத்து வாங்க அல்ல. கெட்டி மோரும் தனி டம்ளரும் ஒரே கையிலிருந்து வந்தன, ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் அரியூர் நாட்டுத் தட்டைக் கண்டதும் மாடக்குழி டம்ளர் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. பஸ்ஸில் பாதி வழி இறங்கும்போதுதான் இன்னொன்று நினைவில் தட்டியது. கவிழ்ந்திருந்த தட்டின் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அம்மாவின் பெயர், ஒரு கல்யாணத் தேதி. சீர்த் தட்டு! வெளியாளுக்கென்று ஒதுக்கி வைத்த தட்டாக இருந்தால் அதில் பெயர் வெட்டியிருக்குமா? வீட்டில் இருந்ததில் நல்லதைத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு ஏன் அதைத் தொடவில்லை?

இந்தக் கேள்வி என்னைத் தோராவிடம் கொண்டுபோகிறது. பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து ஆகமங்களான அதை நான் முறையாகப் படித்தவனில்லை. கொல்லிமலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பற்றித் தேடப்போய் அதற்குள் விழுந்தேன். லேவியராகமம் 19ஆம் அதிகாரம் ஒரு விசித்திரமான அதிகாரம். 18ஆம் வசனம் உன் இனத்தானிடம் பழி வைக்காதே, உன்னைப்போல் அயலானை நேசி என்கிறது. 34ஆம் வசனம் உன்னோடு தங்கியிருக்கும் அந்நியனையும் அதேபோல நேசி என்கிறது. நடுவில் என்னென்னவோ வருகின்றன. வயலில் இரண்டு வித விதையைக் கலந்து விதைக்கக் கூடாதாம். கேழ்வரகுக்குள் மொச்சையும் கடுகும் கலந்து தூவும் நம் மலைக்காரர்கள் அங்கேயே தோற்றுவிடுவார்கள். என் கேள்வி வேறு. அயலான் என்பதில் எல்லோரும் அடக்கம் என்றால் 34ஆம் வசனம் எதற்கு? உறவுக்கு ஒரு கட்டளை, உறவில்லாதவனுக்கு ஒரு கட்டளை என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. முதல் கட்டளை தானாக இரண்டாவதைக் கொண்டுவராது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்நியனை நோகடிக்காதே என்று தோரா 36 இடங்களில் எச்சரிப்பதாக, ரபிகள் என்ற யூத குருமாரின் விவாத நூலான தல்மூதில் ஒரு கணக்கு. 46 என்பவர்களும் உண்டு. கேட்கிற பிள்ளைக்கு யாரும் ஒரு விஷயத்தை 36 முறை சொல்வதில்லை.

அதே தோரா கோபத்தையும் மறப்பதில்லை. உபாகமம் 23ஆம் அதிகாரம், மோவாபியன் சபைக்குள் வரக் கூடாது என்கிறது. காரணங்களில் ஒன்று, எகிப்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கு வழியில் அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்து எதிர்கொள்ளவில்லை என்பது. எத்தனை தலைமுறைக்கு முந்திய சோறு! ஆனால் ரூத் என்ற மோவாபியப் பெண் வந்தாள், அவள் வம்சத்தில் தாவீது ராஜா பிறந்தான். ரபிகள் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வழிப்போக்கரை எதிர்கொள்ள வெளியே வர வேண்டியது ஆண்கள், பெண்கள் வராதது குற்றமில்லை, ஆகவே தடை ஆண்களுக்கு மட்டும். வக்கீல் வாதம்தான். ஆனாலும் ஒருத்தியை உள்ளே விடுவதற்காகச் செய்த வக்கீல் வாதம் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும். 1913இல் கல்யாணம் முடித்து மலையேறி வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்து பேர் பெற்ற பால் பிராண்ட் இவர்கள் மகன், 1914இல் பிறந்தவர். மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள். மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய சாமியை மட்டும் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் வாங்கவில்லை. பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். பிறகு முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் இன்ஃப்ளூயன்சா வந்தது. பிராண்ட் தம்பதி குண்டான் குண்டானாகக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பூசாரியும் காய்ச்சலில் விழுந்தார். பங்காளிகள் கிட்டே வர அஞ்சினார்கள். சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை அந்த வெள்ளைக்காரர்கள் கையில்தான் கொடுத்தார். அவர்கள் குழந்தைக்கு வைத்த பெயர் ரூத்.

இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். மலையில் அந்நியர் பிராண்ட் தம்பதிதான். குழந்தை அவர்கள் வீட்டுக்குள் போன நிமிஷத்தில் அந்தக் குழந்தை அந்நியமாகி, மறு நிமிஷம் மகளாகிவிட்டது. ஆனால் மகளாவதற்கு அதற்கு ஒரு புதுப் பெயர் தேவைப்பட்டது. அன்பில் குறையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். எவலின் முதுமையில் மறுபடி மலைக்கே வந்து, 1974இல் இறந்ததும் அவர் பக்கத்தில் அடக்கமானார். அந்த அளவுக்கு மண்ணோடு கலந்தவர்களைக் குறை சொல்ல நான் யார். ஆனால் பழைய பெயரோடு ஒரு குழந்தையைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாதா என்ற கேள்வி போகவில்லை. உள்ளே எடுத்துக்கொள்வது என்றால் மாற்றித்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அப்படியானால், மாற்றாமல் திண்ணையில் சோறு போட்டு, மாற்றாமல் அனுப்பிவைப்பது ஒருவிதத்தில் சுத்தமான காரியம் இல்லையா?

இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது மட்டாஞ்சேரி வந்து இடிக்கிறது. கொச்சியில் 1568இல் கட்டிய, யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம். அதே தோராவைப் படிக்கிற, அதே ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிற மக்களில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் மட்டும் அங்கே பெஞ்சில் உட்காரக் கூடாது என்றிருந்தது. தரையிலோ முன்கூடத்திலோ இருக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான, சென்னையில் சட்டம் படித்த ஏ. பி. சேலம் (1882–1967) காந்தி வழியில் கோயிலுக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். கட்டுப்பாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தன. 1950இல் அவர் மகன் பரதேசிப் பிரிவுப் பெண்ணை மணந்தபோதும் பெரிய கொந்தளிப்பு. அந்நியனை நேசி என்ற வசனம் வருஷா வருஷம் உள்ளே வாசிக்கப்பட்டிருக்கும். முன்கூடத்தில் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும். திண்ணை, முன்கூடம், கட்டுத்தரை. இடத்தின் பெயர்தான் மாறுகிறது.

ரபி அகிபாவுக்கும் பென் அஸ்ஸாய்க்கும் நடந்த வாதம் ஒன்று உண்டு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. தோராவில் எது தலையாய நெறி? அயலானை நேசி என்பதுதான் என்றார் அகிபா. இல்லை, ஆதாமின் வம்ச அட்டவணையைத் தொடங்கும் ஆதியாகம வரிதான் அதைவிடப் பெரியது என்றார் பென் அஸ்ஸாய். எல்லோரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் ஆயிற்றே. முதலில் படித்தபோது பென் அஸ்ஸாய்க்குக் கைதட்டினேன். இப்போது பார்த்தால் அவரும் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்கிறார்: யாரு மகன்? ஆதாமின் மகன் என்று பதில் வந்த பிறகுதான் கதவு திறக்கிறது. 34ஆம் வசனம் சொல்லும் காரணம் வேறு. நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள்தானே என்கிறது. வம்சம் கேட்கவில்லை, ஞாபகத்தைக் கேட்கிறது.

கொல்லிமலையில் அந்த ஞாபகத்துக்குக் குறைவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன், ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று குடியேறியதாக மலையாளி எனப்படும் இம்மலைமக்கள் சொல்லும் கதையை இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909லேயே அச்சிலேற்றிவிட்டார். அன்றிரவு அம்மாவும் அதைச் சொன்னார். வெளியே பையன் கம்பளிக்குள் இருந்தான். உள்ளே நாங்கள், வெளியூரிலிருந்து வந்தவர்களின் கதை கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஞாபகம்தான் அவருடைய கையைப் பிடித்து மறு சோறு போட வைத்ததா? இருக்கலாம். ஆனால் என் ஆயாவிடமும் அந்த ஞாபகம் இருந்தது. குலசாமிக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு பஞ்சத்தில் நடந்து வந்த கதையை அவள் சொல்லாத பொங்கல் கிடையாது. அதைச் சொன்ன வாயோடுதான் மாடக்குழியையும் கைகாட்டினாள். ஆக, ஞாபகமும் உத்தரவாதமில்லை.

இப்போது எங்கள் தெருக்கோடியில் கோழிப்பண்ணை வேலைக்கு வந்த பீகார்க் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அந்த வீட்டுக்காரன் தண்ணீர் பிடிக்க வந்தபோது பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன், எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்றுகூடக் கேட்டேன். அவன் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னான், போலீஸ்காரருக்குச் சொல்வதுபோல. மறுநாளிலிருந்து குடத்தை அவன் மனைவிதான் கொண்டுவருகிறாள். நான் கேட்டதை அவன் உறவாக எடுத்துக்கொண்டானா, விசாரணையாக எடுத்துக்கொண்டானா? கேட்டுவிடலாம்தான். அதற்கு அவன் தமிழ் போதாது, எனக்கு இந்தி அறவே வராது. வந்தாலும், இன்னொரு கேள்வியோடு அவன் முன்னால் போய் நிற்பதா என்று யோசனையாக இருக்கிறது.