குற்றவாளி இல்லாத குற்றம்

ஓர் ஊர். அவ்வூரின் ஒரு பாதிக்குத் தளமிட்ட சாலை. மறு பாதிக்குச் சேறும் சகதியும். ஒரு பாதிக்கு ஒளி வீசும் விளக்கு. மறு பாதிக்கு மங்கிய வெளிச்சம். ஊர் ஒன்று, நகர்மன்றம் ஒன்று, சட்டமும் ஒன்று. வாழ்வு மட்டும் இரண்டு!

நாம் புனைந்து கூறும் ஊர் அல்ல இது. அமெரிக்க நாட்டில், மிசிசிப்பி மாநிலத்தில், ஷா என்ற பெயருடைய சிற்றூர். நாம் பேசும் காலத்தில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,500 பேர். அவருள் 1,500 பேர் கறுப்பினத்தார். 1,000 பேர் வெள்ளையர். தளமிடாத தெருக்களில் இருந்த வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 வீடுகள் கறுப்பினத்தார் வாழ்ந்த வீடுகள். கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகளில் நூற்றுக்கு 97 அவர்கள் பகுதியில் இருந்தவை. ஒளிமிக்க பாதரச விளக்குகளோ வெள்ளையர் பகுதியில் மட்டும்!

வழக்கு மன்றத்தின் கதவைத் தட்டினர் கறுப்பின மக்கள். 'ஹாக்கின்ஸ் எதிர் ஷா நகரம்' என்று அவ்வழக்குக்குப் பெயர். நகரத்தார் கூறிய விடை என்ன? போக்குவரத்து மிகுந்த தெருவுக்கு முதலில் தளமிட்டோம். ஊரோடு பின்னால் இணைந்த பகுதிக்குக் குழாய் பின்னால் வரும். இதில் இனம் எங்கே, பகை எங்கே என்றனர். 1969ஆம் ஆண்டு, முதலில் விசாரித்த நீதிமன்றம் அவ்விடையை ஏற்று வழக்கைத் தள்ளிவிட்டது.

இங்கேதான் நாம் சற்றே நின்று எண்ண வேண்டியிருக்கிறது. நகரத்தார் கூறியதை அப்படியே மெய்யென வைத்துக்கொள்வோம். எவர் நெஞ்சிலும் நஞ்சில்லை. எவர் கையும் இனத்தைக் குறிவைத்து எழுதவில்லை. ஆயினும் சேற்றில் நிற்கும் வீடுகளில் நூற்றுக்கு 98 கறுப்பினத்தாருடையவை. தீங்கு எண்ணாதவர் தீங்கிழைத்தவர் ஆவாரா? குற்றவாளி எவரும் இல்லாத இடத்தில் குற்றம் என ஒன்று இருக்க முடியுமா?

முடியும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1971ஆம் ஆண்டு அது வழங்கிய தீர்ப்பில், நகரத்தாரின் உள்ளத்தைத் துருவிப் பார்க்கத் தேவையில்லை, விளைவே போதிய சான்று என்றது. ஊர் தன் குறையைக் களையத் திட்டம் தீட்ட வேண்டும் என்றது. 1972இல் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதனை உறுதி செய்தது. ஆனால் 1976ஆம் ஆண்டு, வேறொரு வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறு வழி சென்றது. விளைவு ஏற்றத்தாழ்வானது என்பது மட்டும் அரசியல் சட்டப்படி போதாது. பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றது. ஷா ஊரின் தீர்ப்பையும் பெயர் சுட்டித் தாம் ஏற்கவில்லை என நீதிபதிகள் எழுதினர்.

சட்டம் சட்டத்தின் வழி செல்லட்டும். தண்டனை தரும் சட்டம் நோக்கத்தைத் தேடுவது இயல்பே. ஆனால் நகராட்சியின் கடமை தண்டிப்பதோடு முடிவதா? சேற்றில் கால் புதைய நடக்கும் சிறுமிக்கு, "உன் தெருவைச் சேறாக வைக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை, அம்மா!" என்று கூறினால் அவள் கால் காய்ந்துவிடுமோ?

இன்னொன்றையும் மறத்தலாகாது. அந்தச் சேற்றுத் தெருவும் அந்தத் தளத் தெருவும் தாமே பிரிந்து நின்றவை அல்ல. பிரித்து வைத்தவர்களுள் உள்ளாட்சியினரும் உண்டு. 1910ஆம் ஆண்டு பால்டிமோர் நகர்மன்றம், வெள்ளையர் மிகுந்த தெருத்தொகுதியில் கறுப்பினத்தார் குடியேறக் கூடாது, கறுப்பினத்தார் மிகுந்ததில் வெள்ளையர் குடியேறக் கூடாது எனச் சட்டமே செய்தது. அதைப் பின்பற்றிப் பல நகரங்கள் கிளம்பின. லூயிவில் நகரின் அத்தகைய சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் போயிற்று; கோடு போகவில்லை. 1930களில் நடுவண் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் படத்தில் கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடன் கொடுக்க அஞ்சத்தக்க இடம் எனக் குறித்தது. அன்று கிழித்த கோட்டின் மேல் பின்வந்தோர் பகையேதும் இன்றியே நடக்கின்றனர். போக்குவரத்து குறைவு என்றால், குறைந்தது ஏன்? பின்னால் இணைந்த பகுதி என்றால், முன்னால் இணைக்காதது ஏன்? இக்கேள்விகளைக் கேளாத நடுவுநிலைமை, பழைய அநீதியின் பாதுகாவலனாகிவிடுகிறது.

இதை ஏட்டறிவால் மட்டும் நாம் கூறவில்லை. நாம் பள்ளி ஆசிரியர். வகுப்பில் வினா எழுப்புவோம். கை உயர்த்தும் மாணவரை விடை கூறச் சொல்வோம். இதைவிட நேர்மையான முறை வேறென்ன எனச் செருக்கோடு இருந்தோம். ஆண்டின் இறுதியில் எண்ணிப் பார்த்தபோது, 40 பேர் அமர்ந்த வகுப்பில் ஆறேழு பேரின் குரலைத்தான் ஆண்டெல்லாம் கேட்டிருக்கிறோம் என உணர்ந்தோம். வீட்டில் படித்தவர் உள்ள பிள்ளைகள் அவர்கள். பேசிப் பழகிய பிள்ளைகள். நாம் எவரையும் ஒதுக்கவில்லை. ஆயினும் ஒதுக்கப்பட்டோர் இருந்தனர். அடுத்த ஆண்டு பெயர் சொல்லி, வரிசை முறையில் கேட்கத் தொடங்கினோம். முன்னாண்டு முழுதும் வாய் திறவாத ஒருத்தி, மெல்லிய குரலில் சரியான விடை சொன்னாள். அவளுக்கு அறிவு அன்று முளைத்ததன்று. கேட்க ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவே.

இதே பாடத்தை ஒரு மாநகரமும் கற்றது. வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில், தெருவிளக்குகளைப் புதுப்பிக்கும் முறை ஒன்று இருந்தது. எவர் முறையிடுகிறாரோ, அவர் தெருவுக்கு முதலில் ஆள் செல்வான். நேர்மையான முறைதானே! ஆனால் முறையிடுவோர் யார்? அலுவலகத்தோடு பேசத் தெரிந்தவர், முறையிட்டால் பயன் உண்டு என்று நம்பியவர். ஆங்கிலம் தடுமாறும் குடியேறியோ, பலமுறை கேட்டுப் பயன் காணாத ஏழையோ முறையிடுவதில்லை. ஆகவே குரலுள்ள தெரு ஒளி பெற்றது. குரலற்ற தெரு காத்துக் கிடந்தது. இதை உணர்ந்த நகரத்தார், முறையீட்டை எதிர்பாராமல், எல்லாத் தெருவுக்கும் முறை வைத்து விளக்கு மாற்றும் வழக்கத்துக்கு வந்தனர்.

தற்செயலாக வந்த திருத்தமன்று இது. இனச் சமநீதியை நகராட்சியின் அன்றாட வேலையாக்க வேண்டும் என, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே சியாட்டில் ஒரு திட்டம் தொடங்கியது. 2009இல் நகர்மன்றம் தீர்மானம் இயற்றி அதற்கு வலுவூட்டியது. அதன் உள்ளீடு சில எளிய வினாக்களே. இந்த முடிவால் எவருக்கு நன்மை? எவர் மீது சுமை? அவர்களைக் கேட்டோமா? தீங்கு நேருமெனில் தடுக்கும் வழி என்ன? முடிந்தபின் விளைவை அளந்து, மக்களிடம் திரும்பிச் சென்று கூறினோமா? இவற்றுக்கு விடை கண்ட பிறகே வரவுசெலவுத் திட்டத்தில் கையொப்பம் இட வேண்டும் என்பது அதன் கருத்து. இத்தகைய நகரங்களும் மாவட்டங்களும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்க, 2014இல் ஒரு கூட்டமைப்பும் தோன்றிற்று.

மறுப்போர் உளர். "இனத்தை எண்ணுவதே இனப்பிளவை வளர்க்கும், சட்டத்தின் கண்ணுக்கு நிறம் தெரியலாகாது" என்பர். எள்ளி ஒதுக்கத்தக்க வாதம் அன்று இது. நிறம் பார்த்துச் சட்டம் இழைத்த கொடுமையை அறிந்தோர் நெஞ்சில் இந்த அச்சம் எழுவது இயல்பே. ஆனால் ஷா ஊரின் 98 என்ற எண் எப்படி வெளிப்பட்டது? வீடு வீடாக எண்ணியதால். எண்ணும்போது அதில் வாழ்பவர் யார் எனப் பார்த்ததால். கோடு கிழிக்கும்போது நிறம் பார்த்த கண், கோட்டை அழிக்கும் வேளையில் மட்டும் மூடிக்கொள்வது நடுவுநிலைமை ஆகாது. "வெள்ளையருள்ளும் ஏழை உண்டே" என்பர் சிலர். உண்டு! முறை வைத்து மாற்றிய விளக்கு அந்த ஏழையின் தெருவிலும் எரியுமன்றோ? அவருக்கும் முறையிடத் தெரியாதிருந்தது. அவருக்கும் இத்திருத்தம் ஒளி தந்தது.

ஒரு குறையை நாமே ஒப்புக்கொள்வோம். வினாத்தாள் தெருவுக்குத் தளமிடாது. விடைகளை அழகாக எழுதிக் கோப்பில் கட்டி வைத்துவிட்டுப் பழைய வழியே செல்லும் அலுவலகம் எந்நாட்டிலும் உண்டு. வினாவுக்குப் பின் பணம் செல்கிறதா, பணத்துக்குப் பின் பணியாள் செல்கிறானா என்பதே தேர்வு. அத்தேர்வில் தோற்ற சமநீதி, சுவரொட்டியில் மட்டும் வாழும் சமநீதி.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஐரிஸ் மேரியன் யங், தம் மறைவுக்குப் பின் 2011இல் வெளிவந்த நூலில், பழி வேறு, பொறுப்பு வேறு என விளக்கினார். பழி, பின்னோக்கிப் பார்த்துக் குற்றவாளியைத் தேடுவது. பொறுப்பு, முன்னோக்கிப் பார்த்து, இந்த அமைப்பில் பங்குகொள்ளும் நாம் இதை எப்படி மாற்றுவது எனக் கேட்பது. குற்றவாளி இல்லாத குற்றத்துக்கு இந்த ஒரு மருந்துதான் உண்டு. "நான் கெட்டவன் அல்லேன்" என்று ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ளும் வரை, விளக்கு எரியாது. "கெட்டவர் எவரும் இல்லாமற் போகலாம், ஆயினும் இதைத் திருத்த வேண்டியவர் நாம்" எனச் சொல்லும் நாளில்தான் எரியும்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், விளைவைக் கொண்டு பாகுபாட்டை அளக்கும் முறையை நடுவண் அரசு இயன்றவரை கைவிட வேண்டும் என அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்தார். மேலிடம் பார்க்க மறுத்தால், பார்க்கும் கடமை தெருவுக்கு அருகில் இருப்போர் மீது இன்னும் அழுத்தமாக விழுகிறது. தலைநகரில் இருந்து சேறு தெரியாது என்றால், அது ஓரளவு பொருந்தும் விடை. நகர்மன்றத்துப் பலகணியில் இருந்து பார்த்தும் தெரியவில்லை என்றால்?

விளக்கு எரியாத தெருவில் வாழ்வோர் முறையிடும் வரை காத்திருப்பதா, நாமே நடந்து சென்று பார்ப்பதா? ஊராள்வோரிடம் இதைக் கேட்கிறோம். நாளைக் காலை வகுப்பினுள் நுழையும்போது, கை உயர்த்தாத பிள்ளைகளின் முகம் பார்த்து, நம்மை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.