சாமிக்குச் செய்த நகை

நாகர்கோவிலின் வடசேரிப் பகுதியில் செய்யப்படும் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளியில் சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கற்களைப் பதித்து, மேலே தங்க ரேக்கு போர்த்தும் வேலை அது. சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று இறைத் திருமேனிக்கும், கோயிலில் ஆடிய பெண்களுக்கும் வழங்கிய நகை வகைகள் பரதநாட்டிய மேடை வழியாகக் கல்யாண வீடுகளுக்கு வந்தன. இன்றைய வடிவமைப்பாளர்கள் அதே லட்சுமியையும் அன்னத்தையும் யாளியையும் தனியே பிரித்தெடுத்து, கறுப்பேற்றிய வெள்ளியில் பதக்கமாகவும் ஒற்றை ஜிமிக்கியாகவும் தருகிறார்கள். ஜீன்ஸுக்கும் அது பொருந்துகிறது. தெய்வத்துக்கென்று பிறந்த வடிவம் நாகரிக அணிகலனாகும்போது அதன் புனிதம் என்னவாகிறது?

இறைவன் அணியும் நகையைச் சமய மரபு வெறும் அழகுப் பொருளாகப் பார்க்கவில்லை. விஷ்ணு புராணத்தின் முதல் அம்சத்தில் ஓர் அத்தியாயம் இதை விளக்குகிறது. அதன்படி திருமாலின் மார்பிலுள்ள கௌஸ்துப மணி உயிர், ஸ்ரீவத்ஸ மறு உலகின் மூலமான பிரகிருதி, வைஜயந்தி மாலை ஐம்பூதங்கள். உலகம் முழுவதையும் அவன் அணியாகப் பூண்டிருக்கிறான் என்பது இதன் கருத்து. நகையைப் பற்றி இதைவிடப் பெரிய சிந்தனை வேறெங்கும் கிடைப்பது அரிது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இந்த மதிப்பின் நடைமுறை முகம். முதலாம் ராஜராஜன் அளித்த நகைகளின் முத்துகளும் மணிகளும் எண்ணி, எடையிட்டு, குறையுள்ளவை குறையுள்ளவை என்றே குறிக்கப்பட்டன. பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். மணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். எடைக்கல்லுக்கும் இறைவன் பெயர்தான். ஒருமுறை அர்ப்பணித்த நகை இறைவனின் சொத்து. அதை மனிதர் எடுத்து அணிவதற்கில்லை.

ஆனால் அர்ப்பணிப்புக்கு முன் அது பொற்கொல்லரின் கைவேலை. கண் திறக்கும் வரை சிலை சிற்பியின் பட்டறையில் இருப்பதைப் போன்ற நிலை அது. ஒரு நகை புனிதம் பெறுவது கொடுத்தலால். ஆகவே கோயில் நகையின் சாயலில் ஒரு பதக்கம் செய்து அணிபவர் இறைவனிடமிருந்து எதையும் பறித்துவிடவில்லை. மனித உடல் பட்டாலே தீட்டு என்ற வாதமும் வைணவ மரபுக்குள் நிற்காது. பெருமாளுக்குரிய மாலையை ஆண்டாள் சூடிப் பார்த்ததால் பெரியாழ்வார் அதைத் தகாதென்று விலக்கினார். பெருமாளோ அதையே விரும்பி ஏற்றார் என்பது ஐதீகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை இன்றும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி செல்கிறது.

அதனால் வடிவத்தை எப்படி வேண்டுமானாலும் கையாளலாம் என்றாகிவிடாது. பொன் லட்சுமியின் வடிவம் என்பதால் அதைக் காலில் அணியாமல், கொலுசை வெள்ளியில் செய்யும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. பொன்னுக்கே இந்த மரியாதை என்றால், லட்சுமியின் திருவுருவத்தைச் செருப்பிலோ கொலுசிலோ பதிப்பது எந்தப் புதுமையின் பெயராலும் ஏற்கத்தக்கதல்ல. கஜலட்சுமியைக் காதுத் திருகுக்குள் அடக்க யானைகளை வெட்டிவிட்டு, கைத் தாமரைகளை மழுக்கினால், மிஞ்சுவது அடையாளம் இழந்த ஒரு பெண்ணுருவம். எளிமைப்படுத்துவது தவறில்லை. அன்னத்தின் கழுத்து வளைவையோ மாங்காயின் நுனியையோ மட்டும் எடுத்துச் செய்யும் நகைகள், இறைவடிவத்தைச் சிதைக்காமலே மரபைச் சொல்லிவிடுகின்றன. இன்றைய முயற்சிகளில் அவையே சிறந்தவை.

வார்ப்பு அச்சில் ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கும்போது இன்னொரு கடமையும் மறக்கப்படுகிறது. அந்த லட்சுமிக்கு முகம் கொடுத்தது தலைமுறைகளாகத் தொழிலையே வழிபாடாகக் கொண்ட பட்டறை. அங்கிருந்து வடிவத்தை எடுக்கும் வடிவமைப்பாளர், செய்தவரின் பெயரை நகையோடு சொல்லவும் உரிய கூலியைத் தரவும் கடமைப்பட்டவர். வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.