செடிக்குச் சோதித்த மண்



இறைவாக்கினர் எலிசேயு எரிக்கோவில் தங்கியிருந்தபோது ஊரார் அவரிடம் வந்து முறையிட்டார்கள். ஊர் பார்வைக்கு நல்லதுதான். ஆனால் தண்ணீர் கெட்டது, நிலமும் பலன் தருவதில்லை என்றார்கள். அவர் புதுப் பாத்திரம் ஒன்றில் உப்புக் கொண்டுவரச் சொன்னார். நேரே ஊற்றுக்கண்ணுக்குப் போய் அங்கே உப்பைப் போட்டார். ஆண்டவர் அத்தண்ணீரைக் குணமாக்கினார் (2 அரசர் 2: 19-22).

நம் மலைநாடும் பார்வைக்கு நல்ல ஊர்தான். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை படம்பிடிக்காமல் போகிறவர் இல்லை. ஆனால் அந்தப் பச்சைக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றி யார் கேட்டார்கள்?

தேயிலைச் செடிக்காகக் கேட்டார்கள். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் மண்ணைப் பரிசோதித்து, என்ன உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்கிறது. நல்ல காரியமே. புதிய வீட்டுத் திட்டங்களுக்கு மலைச்சரிவைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்கிறது. அதுவும் நல்ல காரியமே. ஆனால், 7 பேர்ச்சஸ் காணியில் கீரை போட்டு, முற்றத்தில் குழந்தையைத் தவழவிடப் போகிற தாய்க்கு, இம்மண்ணில் நஞ்சு உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வது யார்?

காரணமில்லாமல் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் மருந்தடித்து வந்திருக்கிறோம். கிரமொக்சோன் என்று நாம் அறிந்த களைநாசினி பின்னர் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அது மண்ணோடு இறுக ஒட்டி நெடுங்காலம் கிடக்கும் தன்மையது. கிளைபோசேட் 2015ல் தடைசெய்யப்பட்டு, 2018ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருந்து கலந்த இடம், டாங்கி கழுவிய கான், பழைய மருந்து ஸ்டோர் இருந்த மூலை, இவையெல்லாம் எங்கே என்று பென்சன் போன தாத்தாவுக்குத் தெரியும். அங்கே வீடு கட்டப்போகும் பேரனுக்குத் தெரியாது. எல்லா மண்ணும் கெட்டது என்று பயமுறுத்த வரவில்லை. சோதித்துப் பார்த்தால், வீண் பயமும் தீரும்.

1964ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா போன நம் உறவினரில் பலர் கொடைக்கானல் மலைப்பக்கம் குடியேறினார்கள். அந்தக் கொடைக்கானலில் வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அதன் பாதரசக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001ல் ஊராரும் பொதுத் தொண்டர்களும் வெளிப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஊரார் வாய் திறந்திராவிட்டால், அந்த மண்ணை யார் சோதித்திருப்பார்கள்?

சரி, செலவு யாருடையது? கெடுத்தவர் கொடுப்பதே நீதி. ஆனால் நம் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992ல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. யார் காலத்தில் யார் கொட்டியது என்று வழக்காடி முடிவதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிடும். நாட்கூலிக்காரனால் மண்ணைச் சோதிக்கப் பணம் கட்ட முடியாது. ஆகவே பொதுப்பணம் முன்னே வரவேண்டும். அமெரிக்காவில் 2002ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் நிலத்தைச் சோதிப்பதற்கென்றே ஊராட்சிகளுக்கு அரசு நிதி கொடுக்க வழிசெய்தது. இங்கேயோ, தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவிடச் சட்டம் இடந்தராது என்று நெடுங்காலம் சொன்னார்கள். 1987ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ம் பிரிவு 2018ல் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாக்குச் செல்லாது.

சோதனையோடு நின்றுவிட்டாலும் போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29ந் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஏட்டில் கிடக்கும் அறிக்கை எவரையும் காப்பாற்றாது.

அன்பர்களே, எரிக்கோவில் முதலில் பேசியவர்கள் ஊரார். பாத்திரமும் உப்பும் கொண்டுவந்தவர்களும் அவர்களே. இறைவாக்கினரும் குடத்துத் தண்ணீரைத் தெளியவைத்துவிட்டுப் போகவில்லை, ஊற்றுக்கண்ணுக்கே போனார். நாமும் அப்படியே செய்வோம். அடுத்த காம்பரா இந்துச் சகோதரரையும் சேர்த்துக்கொண்டு, முதியோரிடம் கேட்டு, அந்தப் பழைய இடங்களை எழுதி வையுங்கள். சோதிக்கும்வரை அங்கே கீரை போடாதீர்கள். அதன் கீழிருந்து பீலிக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள். பிரதேச சபைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள்: வீட்டுக்குச் சரிவைப் பார்க்கும்போதே மண்ணையும் நீரையும் பார்க்க நிதி ஒதுக்குங்கள், முடிவை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், கெட்ட இடமானால் மாற்றுக் காணி தாருங்கள்.

இது பிச்சையல்ல. செடிக்குக் கொடுத்த மதிப்பை, கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஊற்றைக் குணமாக்கிய ஆண்டவர் நமக்கு வாய் திறக்கும் துணிவைத் தருவாராக. ஆமென்.