முள் தெரிகிற பக்கம்

மாலை நாலு மணிக்கு, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பெண்கள் கூடையை இறக்கி, கொழுந்தைச் சாக்கில் கொட்டிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். இடுப்பில் சுற்றிய படங்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு அப்பியிருக்கும்.

என் அப்பா கணக்கப்பிள்ளை. இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அப்போது ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று சில நாட்கள் கணக்குப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிடுவார். அவர் எடையைச் சொல்வார், நான் எழுதுவேன். அந்த நாளில் எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்.

ஒரு நாள் ஒரு அக்காவின் சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். முள் 19-இல் நின்றது. அப்பா "பதினேழு" என்றார். தண்ணீருக்கும் சாக்குக்குமாக இரண்டு கிலோ கழிப்பது வழக்கம்.

"ஐயா, பத்தொம்பது காட்டுச்சுங்களே."

"தண்ணிக் கொழுந்து. போ போ, இருட்டப் போகுது."

அக்கா அதற்கு மேல் அப்பாவிடம் பேசவில்லை. என்னைப் பார்த்தார். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். முள் எங்கே நின்றது என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் குனிந்து 17 என்று எழுதினேன். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய், மலையேறி, மழையில் நின்று பறித்த ஒரு முழு நாள் என் பேனாவில் பாதியாயிற்று.

அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போய் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு வீட்டுப்பாடம் எழுதினேன். இதை மறைப்பதற்கில்லை.

பிறர் படும் பாட்டைப் பார்த்தால் மனசு இளகும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் மலையில் அதற்கு ஆதாரம் குறைவு. பாரதி பிஜித் தீவைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டே பாடினார். நாங்களோ தினமும் நாலு மணிக்கு, பத்தடி தூரத்தில் நின்று பார்த்தோம். துரை பார்த்தார், டீமேக்கர் பார்த்தார், கணக்கப்பிள்ளை பார்த்தார், கணக்கப்பிள்ளை மகனும் பார்த்தான். மறுநாள் காலையில் பெரட்டு வழக்கம்போல நடந்தது.

சனத்தை ஏற்றிப் போன ரயிலிலும், எங்கள் பேச்சில் கோச்சியிலும், இதே கதைதான். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேற வேண்டிய சனம் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போனது. ஏறினவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர் விழுந்தது. முதலில் போன கோச்சிகளுக்குத் தோட்டமே திரண்டு போனதாம். "அப்புறமெல்லாம் சொந்தக்காரங்க மட்டுந்தான் போனாங்க. நாங்க வீட்டுல இருந்தே சத்தத்தக் கேட்டுக்குவோம்" என்பார் பாட்டி. மனசில் ஈரமில்லாதவர் இல்லை அவர். எத்தனை கோச்சிக்குத்தான் அழுவது?

இருந்தும் சிலர் மாறியிருக்கிறார்கள். அவர்கள் எப்படி மாறினார்கள் என்பதுதான் என்னைக் குடைகிற கேள்வி.

1936-இல் பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தேயிலைத் தொழில் பழக இலங்கைக்கு வந்தார். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை. தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் கூலியையும் ஆட்களை நடத்துகிற விதத்தையும் பார்த்தார், வாயைத் திறந்தார், வேலை போனது. சமசமாஜக் கட்சியில் சேர்ந்து 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்ட மேடையில் தோட்டத்துரைமாரையே தாக்கிப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். கட்சிக்காரர்கள் ஒளித்து வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது, தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போதே இடதுசாரி. அவர் கண்ணை வேறு யாரோ முன்பே திறந்துவிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மலைகளுக்கு எத்தனையோ சின்னத்துரைமார் வந்து அதே லயங்களைப் பார்த்தார்கள்; பெரியதுரையாகி ஓய்வுபெற்றுப் போனார்கள்.

கோ. நடேசய்யர் வேறு மாதிரி. தஞ்சாவூர்க்காரர், பத்திரிகைக்காரர். வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலம் அது. புடவை வியாபாரி வேஷத்தில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தார். திரும்பிப் போய் எழுதிவிட்டு ஓயவில்லை. இங்கேயே தங்கி, 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டினார்.

சி. வி. வேலுப்பிள்ளையோ எங்கள் வட்டகொடைக்காரர். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர், பெரிய கங்காணி குடும்பத்துப் பிள்ளை. எத்தனை ஆள் வேலைக்கு இறங்குகிறதோ அத்தனைக்கும் கமிஷன் வாங்குகிற வீடு கங்காணி வீடு. என் வீட்டைவிட உயரமான திண்ணை. அதில் உட்கார்ந்து பார்த்தவர் இறங்கிப் போய் லயத்து மக்களின் பாடல்களைத் தேடித்தேடித் தொகுத்தார். 1947-இல் தலவாக்கலைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

பார்த்த மாத்திரத்தில் இவர்கள் மாறினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்று பார்த்த இடத்தைவிட்டு இறங்கியதில்தான் காரியம் இருக்கிறது. ஒருவருக்கு வேலை போனது. ஒருவர் தோளில் மூட்டை ஏறியது. ஒருவர் கொழுந்தெடுக்கிறவள் பாட்டுக்குக் காது கொடுத்தார். அவளை எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்ள அதற்குப் பிறகு முடியாது.

நானாக இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். உள்நாட்டுச் சண்டைக் காலம். கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி சோதனைச்சாவடியில் என்னை இறக்கி அடையாள அட்டையை வாங்கினார்கள். பிறந்த இடம் நுவரெலியா மாவட்டம் என்று அதிலேயே இருந்தது. நானும் சொன்னேன். விசாரித்தவர் வடக்கில் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார். மேசையில் பதிவுப் புத்தகத்தோடு என் வயசுப் பையன் ஒருவன். அட்டையை அவன் பார்த்தான். என்னையும் ஒரு தரம் பார்த்தான். பிறகு குனிந்து, சொன்னதை எழுதினான். அன்றிரவு முழுக்க உள்ளே இருந்தேன். அடி ஒன்றும் விழவில்லை. ஆனால் குனிந்த அந்தத் தலை எனக்கு ரொம்பப் பழக்கமான தலை. மடுவத்து அக்கா எதைப் பார்த்தார் என்பது பன்னிரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் கேட்டேன், அந்த இரண்டு கிலோவைப் பற்றி. அவர் கோபப்படவில்லை. மலையில் நிறுத்த கொழுந்து லொறியில் ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈரம் வடிந்து எடை குறையும். குறைந்தால் கணக்கப்பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் முன்கூட்டியே கழித்துவிடுவது என்றார். நியாயம் போலத்தான் இருந்தது. "வெயில் நாள்லயும் கழிச்சீங்களேப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மொத வருஷம் ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு" என்றார்.

இப்போது என்னிடம் உள்ள மாற்றம் சின்னதுதான். எங்கே தராசைக் கண்டாலும் கால் தானாக நிற்கிறது. மரக்கறிக் கடையில், பழைய இரும்புக் கடையில், முள் நிற்கிற வரை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

நானுஓயாவுக்குப் போகிற ரயில் வட்டகொடையைத் தாண்டும்போது பெட்டியில் உள்ளவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிடுகிறார்கள். பச்சை மலையில் கூடையோடு பெண்கள். படம் நன்றாக விழும். எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முடிந்தால் ஒரு முறை இங்கே இறங்கி, நாலு மணிக்கு ஒரு மடுவம் வரை நடந்து வாருங்கள். வந்தால் முள் தெரிகிற பக்கமாக நில்லுங்கள்.