பசியை அடக்கியவர் யார்?

உண்ணும் வேட்கையை ஒரு கருவி தணித்துவிட்டால், அந்த அடக்கம் யாருடையது?

இரைப்பைக்கும் மூளைக்குமிடையே செய்தி சுமப்பது வேகஸ் நரம்பு. அச்செய்தியை மின்துடிப்பால் இடைமறித்துப் பசியைக் குறைக்கும் கருவியொன்றை, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உடற்பருமனுற்ற 239 பேரிடம் சோதித்தனர். மார்புத் தோலடியில் பதிக்கப்படும் அதற்கு, உடலின் வெளியே அணியும் கம்பிச்சுருள் மின்னூட்டும். 162 பேருக்கு மெய்க்கருவி. 77 பேருக்கு நரம்போடு இணையாத வெற்றுக்கருவி. தமக்கு வாய்த்தது எதுவென அவர்கள் அறியார். எடை குறைப்பதற்கான அறிவுரை இரு சாராருக்கும் கிடைத்தது.

2014-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டில் மெய்க்கருவியினர் தம் எடையில் 9.2 விழுக்காடு இழந்தனர். வெற்றுக்கருவி சுமந்தோரும் 6 விழுக்காடு இழந்தனர்!

‘மன உறுதி ஒன்றே போதும்’ என்பதற்கு இதைச் சான்றாக்கிப் பருமனுற்றோரை ஏளனம் செய்தல் அநீதி. வெற்றுக்கருவியினருக்கும் அறிவுரையும் நம்பிக்கையும் துணை நின்றன அன்றோ? எஞ்சிய மூன்று விழுக்காடு நரம்பு தந்த உதவி, அதிலும் இழுக்கில்லை. கண் மங்கியவர் கண்ணாடி அணிந்தால் நாம் பழிப்பதுண்டா?

துணையை நாடுவதும் தன்னடக்கத்தின் ஒரு பகுதியே. பருமனுற்றவரைக் காணுங்கால் நம் நாவை அடக்குவதோ நம் கடமை. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.