ஜங்க் என்று எதைச் சொல்கிறோம்?

நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் நாள்தோறும் அடிபடும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'ஜங்க்'. அலமாரியில் கிடக்கும் பழைய சாமான் ஜங்க். தபாலில் வரும் விளம்பரத் தாள் ஜங்க். பாக்கெட்டில் அடைத்த தீனியும் ஜங்க். பயனற்றது, வேண்டாதது என்பதே நாம் அறிந்த பொருள்.

15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் பழைய கப்பற்கயிற்றைக் குறித்தது. (சீனப் பாய்க்கப்பலின் பெயரான ஜங்க் வேறு சொல்.) வலுவிழந்த கயிற்றை மாலுமிகள் கடலில் எறிந்துவிடவில்லை, துண்டுகளாக வெட்டிப் பத்திரப்படுத்தினர். அதை நார் நாராகப் பிரித்து, கப்பற் பலகைகளின் இடுக்குகளில் திணித்து, மேலே கீல் பூசினர். நம் கரையோரத் தச்சர்கள் கலப்பத்து என்று சொல்லும் வேலை இது. அந்த நார் இல்லையேல் கப்பலுக்குள் நீர் புகுந்துவிடும்.

இத்துடன் நிறுத்தினால் சிக்கனத்திற்கு நல்லதொரு பாடம். ஆனால் அந்த நாரைப் பிரித்தவர் யார் என்றும் நாம் கேட்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக்கைதிகளும், போக்கிடமின்றி ஏழையர் விடுதிகளில் புகுந்தவர்களும், தார் இறுகிய அக்கயிற்றை விரல் நோகப் பிரித்தனர். சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் ஒன்பது வயது அநாதைச் சிறுவனுக்கு இடப்படும் வேலையும் இதுவே. கயிற்றின் ஓர் இழையையும் வீணாக்காத சமுதாயம், மனிதரை எளிதாக ஒதுக்கி வைத்தது.

நாமும் தாளுக்கு ஒரு தொட்டி, போத்தலுக்கு ஒரு தொட்டி என்று கவனமாகப் பிரித்துப் போடுகிறோம். நல்ல பழக்கம். அதே கவனம் மனிதரிடத்தில் இருக்கிறதா? பிள்ளைகளை நம்பி இந்நாட்டுக்கு வந்த பெற்றோர் பலர், ஊரில் நாலு பேருக்குப் புத்தி சொன்னவர்கள். இங்கே மொழி தெரியாது, தனியே வெளியே போக வழியில்லை. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவர்களுக்கு வீட்டில் வேலையும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை.

'அவர்களாலும் பயன் உண்டு' என்று சமாதானம் சொல்வது போதாது. பயன் இருக்கும்வரை மதிப்பு என்பது கயிற்றுக்குப் பொருந்தும். பெற்றவர்களை அந்தக் கணக்கில் நிறுத்தலாமா? நாளை நம்மை நம் பிள்ளைகள் எந்தக் கணக்கில் நிறுத்துவார்கள்?

வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வாங்கியதும் உடனே காருக்கு ஓடாமல், மண்டபச் சுவரோரம் தனியே அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் அருகில் சற்று நேரம் உட்கார்ந்து, அவருடைய ஊரைப் பற்றிக் கேட்போமே.